கொரோனா ஆண்டின் மேட்ச்: அமெரிக்க மருத்துவ மாணவர்கள் படித்த இடத்திலேயே தங்கிவிட்டார்களா?

தாமிரபரணி:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் ஒஹையோவில் மருத்துவக் கல்லூரி மூன்றாம் ஆண்டில் படிக்கிறாள். எலும்பு அறுவை சிகிச்சையில் ரெசிடென்சி எனப்படும் மருத்துவமனைப் பயிற்சியில் சேர வேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறாள். நான் இயந்திரப் பொறியாளன் என்பதால் அதற்கு இடம் ஒதுக்கும் மேட்ச் என்ற இந்த ஏற்பாடு எனக்கு இன்னும் பாதிதான் பிடிபட்டிருக்கிறது. கொரோனா காலத்தில் எல்லாரும் தாங்கள் படித்த கல்லூரியின் மருத்துவமனையிலேயே இடம் பெற்றுத் தங்கிவிட்டார்கள் என்றும், அந்தப் போக்கு இன்னும் மாறவில்லை என்றும், வெளியே முயல்வது வீண் என்றும் மூத்த மாணவர்கள் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கோ மேற்குக் கரைக்குப் போக ஆசை. பெருந்தொற்று உண்மையிலேயே மாணவர்கள் பயிற்சிக்குச் சேரும் இடத்தை மாற்றியதா, மாற்றியிருந்தால் அது இன்றும் நீடிக்கிறதா என்பதை இத்துறையில் இருப்பவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மிச்சிகன்வாசி:

வணக்கம் ஐயா. நான் பொது மருத்துவத் துறையில் ரெசிடென்டுகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். முதலில் நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாணவர் இறுதியாண்டின் செப்டம்பரில் ஈராஸ் என்னும் இணைய அமைப்பின் வழியே விண்ணப்பிக்கிறார். அக்டோபர் முதல் ஜனவரி வரை நேர்காணல்கள் நடக்கின்றன. அதன்பின் மாணவர் தாம் விரும்பும் மருத்துவமனைகளையும், மருத்துவமனைகள் தாங்கள் விரும்பும் மாணவர்களையும் வரிசைப்படுத்தி, மேட்ச்சை நடத்தும் என்.ஆர்.எம்.பி. அமைப்பிடம் ரேங்க் லிஸ்ட் கொடுக்கின்றனர். கணினி இரண்டையும் பொருத்திப் பார்த்து, மார்ச் மாதத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை முடிவைச் சொல்கிறது. இப்போதுள்ள கணக்குமுறையை ஆல்வின் ராத்தும் எலியட் பெரான்சனும் வடிவமைத்தனர். 1998 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. மாணவரின் விருப்ப வரிசையிலிருந்து தொடங்குவது அதன் அடிப்படை.

ஆகவே "இடம் மாறியதா" என்ற உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. மாணவர் எங்கெல்லாம் விண்ணப்பித்தார், யார் அவரை நேர்காணலுக்கு அழைத்தார்கள், அழைத்தவர்களை அவர் எந்த வரிசையில் வைத்தார். பெருந்தொற்று இம்மூன்றையும் தொட்டது. ஆனால் மூன்றையும் ஒரே திசையில் தள்ளவில்லை.

காலவரிசையில் ஒரு சிறு எச்சரிக்கை. 2020 மார்ச் 20 அன்று மேட்ச் நாள் விழாக்கள் ரத்தாகி, மாணவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மின்னஞ்சலைத் திறந்தார்கள் என்பதால் அந்த ஆண்டைத்தான் "கொரோனா மேட்ச்" என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அவ்வாண்டு ரேங்க் லிஸ்ட்டுகள் பிப்ரவரி இறுதியிலேயே முடிவாகிவிட்டன. உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று அறிவித்ததோ மார்ச் 11. எனவே 2020-ஐ ஒப்பீட்டுக்கான பழைய ஆண்டாகவே கொள்ள வேண்டும். பாதிப்பு முதன்முதலாகத் தெரியக்கூடிய ஆண்டு 2021.

2020 மார்ச் 17 அன்று அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.எம்.சி., மாணவர்களை நோயாளிகளிடமிருந்து விலக்கி வைக்குமாறு கல்லூரிகளைக் கேட்டுக்கொண்டது. மே மாதத்தில் மருத்துவக் கல்வி அமைப்புகளின் கூட்டமைப்பு மூன்று பரிந்துரைகளை வெளியிட்டது: வேறு மருத்துவமனைகளுக்குச் சென்று பயிற்சி பெறுவதைத் தவிர்த்தல், நேர்காணல்கள் அனைத்தையும் காணொளியில் நடத்துதல், விண்ணப்பங்கள் மருத்துவமனைகளின் பார்வைக்கு வரும் நாளை அக்டோபர் 21-க்குத் தள்ளிவைத்தல். உங்கள் மகளின் துறைக்கு இவற்றுள் முதலாவதுதான் பேரிடியாக விழுந்தது. அதைப் பற்றி அத்துறையினர் சொல்வதே முறை.

எலும்புவைத்தியர்:

அத்துறையினன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் துறையில் மாணவர் இறுதியாண்டின் தொடக்கத்தில் இரண்டு மூன்று வெளி மருத்துவமனைகளுக்குச் சென்று, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ நான்கு வாரம் வேலை பார்ப்பார். இதற்கு அவே ரொட்டேஷன் என்று பெயர். பாடத்திட்டத்தில் அது ஒரு விருப்பப் பயிற்சிதான். நடைமுறையில் அது நான்கு வார நேர்காணல். விடியற்காலை வார்டு ரவுண்டுக்கு முன்பே அந்த மாணவர் வந்து கட்டு மாற்றுகிறாரா, அறுவை அரங்கில் பொறுமையாக நிற்கிறாரா, தெரியாததைத் தெரியாது என்கிறாரா என்பதையெல்லாம் நாங்கள் பார்த்துவிடுகிறோம். நரம்பு அறுவை, பிளாஸ்டிக் சர்ஜரி, காது-மூக்கு-தொண்டைத் துறைகளிலும் இதே வழக்கம்தான். இத்துறைகளில் ஒரு மாணவர் சேரும் இடம், பெரும்பாலும் அவர் படித்த இடமாகவோ ரொட்டேஷன் சென்ற இடமாகவோ இருக்கும்.

2020 கோடையில் இந்த வாசல் மூடப்பட்டது. தம் கல்லூரியில் அத்துறைக்கு ரெசிடென்சியே இல்லாத மாணவர்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. விளைவை ஊகிப்பது கடினமல்ல. எங்கள் பட்டியலைத் தயாரித்தபோது, நேரில் பார்த்தறிந்தவர்கள் என்று எங்களிடம் இருந்தவர்கள் எங்கள் கல்லூரி மாணவர்கள் மட்டுமே. மற்றவர்கள் எல்லாரும் திரையில் இருபது நிமிடம் தெரிந்த முகங்கள். மாணவர் பக்கத்திலும் அதே நிலைமைதான். 2021 மேட்ச் முடிவுகளை வைத்து அறுவைத் துறைகள் பலவற்றில் வெளிவந்த ஆய்வுகள், சொந்தக் கல்லூரி மருத்துவமனையிலேயே இடம் பெற்றவர்களின் பங்கு முந்தைய ஆண்டுகளைவிடக் கூடியதைக் காட்டின. எனவே மூத்த மாணவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது.

ஆனால் அது அந்த ஆண்டின் உண்மை. அடுத்த பருவத்திலேயே, ஒன்று மட்டும் என்ற கட்டுப்பாட்டுடன் வெளி ரொட்டேஷன் திரும்பிவிட்டது. அதன்பின் அக்கட்டுப்பாடும் தளர்ந்தது. இன்று எங்கள் துறைக்கு வெளியூர் மாணவர்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். "வெளியே முயல்வது வீண்" என்பதை உங்கள் மகள் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

எண்கணக்கன்:

எலும்புவைத்தியர் சொன்னதை மறுக்கவில்லை; ஆனால் "தங்கிவிட்டார்கள்" என்ற சொல்லாட்சி மிகை. நான் மருத்துவனல்லன், சுகாதாரத் துறைப் புள்ளியியலில் வேலை செய்பவன். சொந்த மருத்துவமனையில் சேர்ந்தோர் பங்கு கூடிய துறைகளிலும்கூடப் பெரும்பான்மையினர் வெளியேதான் சேர்ந்தார்கள். உயர்வு இருந்தது என்பதும், வெளியேறுவதே விதி என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். மூத்த மாணவர்கள் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இதைவிட அடிப்படையான ஒன்றை இந்த விவாதம் தொடவில்லை. 2021-இல் மேட்ச்சுக்கு வந்த மொத்த இடங்கள் 38,106. அவற்றுள் நிரம்பியவை 36,179, அதாவது ஏறத்தாழ 95 சதவீதம். கிட்டத்தட்ட எல்லா இடங்களும் நிரம்பும் ஓர் அமைப்பில், நாட்டின் எந்த மூலையில் எத்தனை ரெசிடென்டுகள் இருப்பார்கள் என்பதைத் தீர்மானிப்பது மாணவர் விருப்பமன்று, இடங்களின் பரவல். நியூயார்க்கில் இடங்கள் குவிந்திருப்பதால் அங்கே ரெசிடென்டுகள் குவிந்திருக்கிறார்கள். பெருந்தொற்றின் முதல் அலை குயின்ஸ் பகுதியின் மருத்துவமனைகளைப் புரட்டிப்போட்ட பிறகும் அவ்விடங்கள் காலியாகிவிடவில்லை. ஆகவே பெருந்தொற்றால் மாறக்கூடியது, எந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தார் என்பது மட்டுமே. நாற்காலிகளின் எண்ணிக்கையை மாற்றியது வேறொன்று: 2020 டிசம்பரில் கொரோனா நிவாரணத்தோடு சேர்த்து நிறைவேற்றப்பட்ட நிதிச் சட்டத்தில், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் நிதியில் 1,000 புதிய பயிற்சி இடங்கள், ஆண்டுக்கு 200 வீதம், சேர்க்கப்பட்டன, கிராமப்புற மருத்துவமனைகளுக்கும் மருத்துவர் பற்றாக்குறைப் பகுதிகளுக்கும் அதில் குறைந்தபட்சப் பங்கு ஒதுக்கப்பட்டது. முதல் தொகுதி நடைமுறைக்கு வந்தது 2023 ஜூலையில். அதைப் பற்றி எந்த மாணவர் கூட்டத்திலும் யாரும் பேசிக் கேட்டதில்லை.

இன்னொன்று. 2020, 2021, 2022, 2023 என்று நான்கு ஆண்டுகளை வரிசையாக வைத்து, வேறுபாடு எல்லாவற்றையும் கொரோனாவின் கணக்கில் எழுதுவது தவறு. எம்.டி. என்னும் அடிப்படை மருத்துவப் பட்டத்துக்கு இணையான டி.ஓ. பட்டம் படிக்கும் ஆஸ்டியோபதி மாணவர்களுக்கென்று தனியாக நடந்த மேட்ச் முடிந்து, எல்லாரும் ஒரே மேட்ச்சுக்குள் வந்த முதல் ஆண்டு 2020. மருத்துவ உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.-யின் முதல் கட்டத் தேர்வு மதிப்பெண் இல்லாத வெறும் தேர்ச்சித் தேர்வாக மாறியது 2022 ஜனவரியில். அதே ஆண்டு ஜூனில் கருக்கலைப்பு உரிமை குறித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. அதற்கடுத்த பருவத்தில் முழுத்தடை உள்ள மாநிலங்களின் மகப்பேறு மருத்துவ ரெசிடென்சிகளுக்கு விண்ணப்பங்கள் குறைந்ததை ஏ.ஏ.எம்.சி. கணக்கிட்டுச் சொன்னது. மாணவர் ஒருவர் அத்தகைய தடையுள்ள டெக்சஸைத் தவிர்த்தார் என்றால், அதற்குத் தொற்றுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

வைகைக்கரை:

எல்லாரும் அமெரிக்கக் கல்லூரிகளில் படித்தவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். ஐ.எம்.ஜி. என்று அழைக்கப்படும் எங்களைப் போன்ற வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்குப் பெருந்தொற்று வேறு விதமாக வேலை செய்தது. நான் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து, 2021 மேட்ச்சில் இடம் பெற்றவன்.

அதற்கு முன் எங்கள் பாதை எப்படி இருந்தது என்பதை நினைவூட்டுகிறேன். நோயாளியைச் சோதிக்கும் திறனைப் பார்க்கும் கிளினிக்கல் ஸ்கில்ஸ் தேர்வை எழுத அமெரிக்காவுக்கு நேரில் வந்தே ஆக வேண்டும். அட்லாண்டா, சிகாகோ, ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலிஸ், பிலடெல்பியா என்று ஐந்தே மையங்கள். தேர்வுக் கட்டணம், விசா, விமானம், தங்கும் செலவு எல்லாம் சேர்த்தால் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு. அதோடு ஒரு மருத்துவமனையில் பார்வையாளராக ஓரிரு மாதம் இருந்து பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும். அத்தை வீடு நியூஜெர்சியில் இருந்தால் நியூஜெர்சி, ஒன்றுவிட்ட அண்ணன் டெட்ராய்ட்டில் இருந்தால் மிச்சிகன். நாங்கள் எங்கே சேர்ந்தோம் என்பதன் பின்னால் எங்கள் உறவினர்களின் முகவரிகள் இருந்தன. நேர்காணலுக்கும் பேருந்திலேயே போகக்கூடிய தொலைவில்தான் பலரும் ஏற்றுக்கொண்டார்கள்.

2020 மார்ச்சில் அந்தத் தேர்வு நிறுத்தப்பட்டு, 2021 ஜனவரியில் நிரந்தரமாகவே கைவிடப்பட்டது. அதற்கு மாற்றாக, வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்குச் சான்றளிக்கும் ஈ.சி.எஃப்.எம்.ஜி. அமைப்பு சில வழிகளையும் ஓ.ஈ.டி. என்னும் ஆங்கிலத் தேர்வையும் வைத்தது. நேர்காணல் மதுரையில் என் அறையிலேயே நடந்தது. கிழக்குக் கரையில் காலை பதினொரு மணி என்றால் எனக்கு இரவு ஒன்பதரை. மேற்குக் கரையில் காலை ஒன்பது என்றால் இரவு பத்தரை. மின்வெட்டுக்கு அஞ்சி இரண்டு இன்வெர்ட்டர் வைத்திருந்தோம். உறவினர் எவருமே இல்லாத ஒரு மத்திய மேற்கு மாநிலத்தில், அந்த ஊரின் பெயரைக்கூட முன்பு கேட்டிராத நான், இடம் பெற்றேன். நேரில் வர வேண்டியிருந்தால் அங்கே விண்ணப்பித்தே இருக்க மாட்டேன். எனவே அமெரிக்க மாணவர் இருந்த இடத்தில் நின்றார் என்றால், எங்களில் சிலருக்கு வரைபடம் விரிந்தது.

ஆனால் வந்து சேர்வது வேறு கதை. 2020 மார்ச்சில் தூதரகங்கள் வழக்கமான விசாப் பணிகளை நிறுத்தின. மருத்துவர்கள் அவசர நேர்காணல் கேட்கலாம் என்று பின்னர் அறிவித்தார்கள். 2021 மே 4 முதல் இந்தியாவிலிருந்து வருவோருக்குப் பயணக் கட்டுப்பாடு வந்தது. ரெசிடென்சி தொடங்குவதோ ஜூலை 1. சென்னைத் துணைத் தூதரகத்தில் தேதி கிடைக்குமா என்று நாளெல்லாம் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மே மாதத்தை மறக்க முடியாது. என்னோடு சேர வேண்டிய ஒருவர் ஆகஸ்டில்தான் வந்து சேர்ந்தார். அதுவரை அவருடைய இரவுப் பணிகளை மற்றவர்கள் பங்கிட்டுக்கொண்டோம். அதன்பின் விசா தேவைப்படுவோரை எடுக்கச் சில சிறு மருத்துவமனைகள் தயங்கின என்பது என் எண்ணம்.

எண்கணக்கன்:

வைகைக்கரை அவர்களுக்கு: உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், கடைசி வரியை மட்டும் எண்களோடு உரசிப் பார்க்கலாம். அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் இடம் பெற்றோர் 2020-இல் 61.1 சதவீதம்; 2021-இல் 54.8 சதவீதம். பார்த்தவுடன் கதவு மூடப்பட்டது போலத் தோன்றும். உண்மையில் 2020-இல் போட்டியிட்ட 6,907 பேரில் 4,222 பேருக்கு இடம் கிடைத்தது. 2021-இல் போட்டியிட்ட 7,943 பேரில் 4,356 பேருக்குக் கிடைத்தது. இடம் பெற்றோர் எண்ணிக்கை கூடியிருக்கிறது. போட்டியிட்டோர் அதைவிட வேகமாகக் கூடியதால் விகிதம் விழுந்தது. பயணம் தேவையில்லாத தேர்வும் பயணம் தேவையில்லாத நேர்காணலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கூடுதலாக வரிசையில் நிறுத்தின என்றே நான் இதை வாசிக்கிறேன். கதவின் அகலம் மாறவில்லை.

அதே ஆண்டில் அமெரிக்க எம்.டி. மாணவர்களின் விகிதம் 93.7-இலிருந்து 92.8-ஆகச் சற்றே இறங்கியது, அவ்வளவுதான்.

வைகைக்கரை:

ஒப்புக்கொள்ள மாட்டேன். மொத்த எண்ணிக்கை கூடியிருக்கலாம்; எந்த மருத்துவமனைகளில் கூடியது, எவற்றில் குறைந்தது என்பதை அந்த எண் சொல்லாது. நாம் பேசிக்கொண்டிருப்பது இடத்தைப் பற்றி. பெரிய பல்கலைக்கழக மருத்துவமனையிடம் விசாவைக் கவனிக்கத் தனி அலுவலகமே இருக்கிறது. ஆறு ரெசிடென்டுகளை வைத்து ஓடும் சிற்றூர் மருத்துவமனையில் ஒருவர் இரண்டு மாதம் வராவிட்டால் பணிப்பட்டியலே சரிந்துவிடும். தயக்கம் வந்திருந்தால் அங்கேதான் வந்திருக்கும்.

எண்கணக்கன்:

நியாயமான மறுப்பு. அந்தப் பிரிவுவாரிக் கணக்கு இல்லாமல் இதற்குமேல் வாதாட மாட்டேன்.

இரண்டாம் தலைமுறை:

வணக்கம். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். என் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்தருள்க. 2021-இல் குழந்தைகள் நலப் பிரிவில் சேர்ந்தேன். ரேங்க் லிஸ்ட் போடும் அந்த இரவைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன்.

காணொளி நேர்காணல் என்பதால், ஒரே வாரத்தில் சியாட்டிலும் மயாமியும் எனக்கு எட்டின. எனக்கு முந்தைய ஆண்டு மாணவர்கள் கலிஃபோர்னியா நேர்காணல்களை எல்லாம் ஒரு வாரத்தில் அடுக்கி, டிக்கெட்டுக்கும் விடுதிக்கும் ஆயிரக்கணக்கில் செலவிட்டுப் போய் வந்தார்கள். எனக்கு ஒரு கோட்டும் ஒரு மேசை விளக்கும் போதுமாக இருந்தன. ஆகையால் நான் நேர்காணல் தந்த மாநிலங்கள் அவர்கள் போனவற்றைவிட அதிகம். ஆனால் வரிசைப்படுத்த உட்கார்ந்தபோது, அந்த ஊர்களில் எதையுமே நான் பார்த்திருக்கவில்லை. எல்லா மருத்துவமனைகளும் ஒரே மாதிரி ஸ்லைடுகளைக் காட்டின. எல்லா ரெசிடென்டுகளும் "நாங்கள் ஒரு குடும்பம்" என்றார்கள். மதிய உணவின்போது மூத்த ரெசிடென்டின் முகத்தில் களைப்பு எவ்வளவு, பேராசிரியர் அறையைவிட்டுப் போனதும் பேச்சு மாறுகிறதா என்பதெல்லாம் திரையில் தெரியாது. என் பெற்றோர் அட்லாண்டாவில் இருந்தார்கள். அம்மாவுக்கு நீரிழிவு உண்டு, தடுப்பூசி அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. காரில் போய்ச் சேரக்கூடிய மூன்று இடங்களை மேலே வைத்தேன். சியாட்டில் ஒன்பதாவதாகப் போயிற்று.

எங்கள் துறையில் வெளி ரொட்டேஷன் அவ்வளவு முக்கியமன்று. எனவே எலும்புவைத்தியர் டாக்டர் சொன்ன காரணம் எனக்குப் பொருந்தாது. தெரியாத ஊரைத் தெரியாத ஊராகவே விட்டுவிட்டேன் என்பதுதான் காரணம்.

மிச்சிகன்வாசி:

சகோதரி எழுதியதுதான் நான் முதலில் சொன்ன "ஒரே திசையில் தள்ளவில்லை" என்பதற்குச் சரியான விளக்கம். நேர்காணல் மலிவானபோது மாணவர்கள் நாடெங்கும் பரவுவார்கள் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். விண்ணப்பங்களும் நேர்காணல்களும் பரவத்தான் செய்தன. ரேங்க் லிஸ்ட் சுருங்கியது. தேடல் விரிந்து தேர்வு குறுகியது என்பதே அந்த ஆண்டைப் பற்றி நான் வந்தடைந்திருக்கும் முடிவு.

எங்கள் பக்கத்தில் இது எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். யாருக்கு உண்மையான விருப்பம், யார் சும்மா வந்து போகிறார் என்று பிரித்தறிய முன்பு எங்களுக்கு ஒரு எளிய வழி இருந்தது: பனிப்புயலில் விமானம் ஏறி வந்தவர் ஓரளவு விருப்பத்தோடுதான் வந்திருப்பார். காணொளியில் அந்தச் செலவே இல்லை. நல்ல மதிப்பெண் உள்ள மாணவர் ஒருவர் இருபது, இருபத்தைந்து நேர்காணல்களை எடுத்துக்கொண்டு, பின்வரிசையில் இருப்பவருக்கு ஒன்றும் கிடைக்காத நிலை உண்டானது. 2020 டிசம்பரில் ஏ.ஏ.எம்.சி. இதைச் சுட்டிக்காட்டி, மாணவர்கள் அளவுக்கு மீறிய நேர்காணல்களை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றும் மருத்துவமனைகள் அழைப்புகளைப் பரவலாக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. இவ்வளவு விண்ணப்பங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் குழு என்ன செய்யும்? எங்கள் மாநிலத்தில் பிறந்தவரா, இங்கே கல்லூரி படித்தவரா, இங்கே குடும்பம் இருக்கிறதா என்று பார்க்கும். எழுதப்படாத அந்த வடிகட்டி பெருந்தொற்றுக்கு முன்பும் இருந்தது; அந்த ஆண்டில் அதன் கண்கள் இன்னும் நெருக்கமாயின.

இதற்கு மருந்தாகத்தான் சிக்னல் முறை வந்தது. 2020-21 பருவத்தில் காது-மூக்கு-தொண்டைத் துறை முதலில் தொடங்கியது: மாணவர் ஐந்து இடங்களுக்கு மட்டும் "உங்களை உண்மையாகவே விரும்புகிறேன்" என்று குறியிடலாம். அடுத்த பருவத்தில் பொது மருத்துவம், பொது அறுவை, தோல் மருத்துவம் ஆகியவை ஈராஸோடு கூடுதலாக வந்த ஒரு துணை விண்ணப்பத்தின் வழியே சேர்ந்தன. அதே துணை விண்ணப்பத்தில் புவியியல் விருப்பம் என்ற பகுதியும் வந்தது. நாடு ஒன்பது பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மாணவர் மூன்று வரை தேர்ந்தெடுத்து, ஏன் என்று ஓரிரு வரி எழுதலாம். தேர்ந்தெடுத்த பிரிவிலுள்ள மருத்துவமனைக்கு மட்டுமே அது தெரியும். மற்றவர்களுக்கு வெற்றிடமாகத் தெரியும். இது இப்போது ஈராஸின் வழக்கமான பகுதியாகிவிட்டது.

தாமிரபரணி ஐயா, உங்கள் மகளின் கேள்விக்கு இதுதான் நேரடியான பதில். 2021-இல் சொந்தக் கல்லூரிப் பக்கம் சாய்ந்த அந்த ஒரு வருடம் கடந்துபோய்விட்டது. நிலைத்து நிற்பது, எங்கே போக விரும்புகிறோம் என்பதை விண்ணப்பத்திலேயே சொல்லியாக வேண்டிய இந்தப் புதிய ஏற்பாடு. முன்பு பயணம் சொன்னதை இப்போது குறியீடு சொல்கிறது.

எலும்புவைத்தியர்:

மிச்சிகன்வாசி அவர்களின் துறைக்கு அது பொருந்தலாம். எங்கள் துறை 2022-23 பருவத்தில் சிக்னலில் சேர்ந்தபோது முப்பது சிக்னல்களைக் கொடுத்தது. முப்பது இருக்கும்போது சிக்னல் என்பது விருப்பத்தின் அடையாளமாக நிற்பதில்லை. சிக்னல் இல்லாத விண்ணப்பத்தைத் திறந்தே பார்க்க வேண்டாம் என்பதற்கான அனுமதிச் சீட்டாக மாறிவிடுகிறது. நடைமுறையில் மாணவர் முப்பது இடங்களுக்கே விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அவற்றுள் அவரை நேரில் பார்த்த இரண்டு மூன்று இடங்களில்தான் அவருக்கு உண்மையான வாய்ப்பு. எனவே எங்கள் துறையில் பழைய விதி திரும்பிவிட்டது என்பேன்: மேற்குக் கரை வேண்டுமென்றால் மேற்குக் கரையில் போய் நான்கு வாரம் நில்.

அதற்கான செலவை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊரில் வாடகைக்கு அறை இருக்க, இன்னொரு ஊரில் ஒரு மாத வாடகை, பயணம், கார். 2020-இல் ரொட்டேஷன் இல்லாததால் வசதி குறைந்த மாணவர்களுக்கு ஒரு விதத்தில் நன்மை நடந்தது என்று சிலர் எழுதினார்கள். செலவைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் சொந்த மருத்துவமனையே இல்லாத புதிய கல்லூரிகளிலும், பல ஆஸ்டியோபதி கல்லூரிகளிலும் படித்தவர்கள் அதே ஆண்டில் அந்தரத்தில் நின்றார்கள். தங்களை அறிந்த ஒரு அறுவை மருத்துவரின் கடிதத்துக்கே அவர்கள் அலைந்தார்கள். யாருக்கு நன்மை என்பதை அப்படி ஒரே வரியில் சொல்லிவிட முடியாது.

இரவுப்பணி:

அவசர மருத்துவப் பிரிவில் இருக்கிறேன், ஒரு குறிப்பு மட்டும். எங்கள் துறையில் 2021-இல் காலியாக நின்ற இடங்கள் 14, 2022-இல் 219, 2023-இல் 3,010 இடங்களில் 554. பெருந்தொற்றில் முன்வரிசையில் நின்ற களைப்பு ஒரு காரணம். 2030-இல் ஏறத்தாழ 8,000 மருத்துவர் மிகையாக இருப்பார்கள் என்று 2021-இல் வந்த கணிப்பு இன்னொரு காரணம். புதிதாகத் திறக்கப்பட்ட ரெசிடென்சிகள் மூன்றாவது. துறையைப் பற்றிய இந்தக் கதைக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். எண்கணக்கன் சொன்னபடி இடங்கள் எல்லாம் நிரம்பும்போதுதான் இடங்களின் பரவலே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். 554 இடங்கள் காலியாக இருந்த ஆண்டில், எங்கே போவது என்ற தேர்வு மாணவர் கைக்கு வந்துவிட்டது. பெருநகரப் பல்கலைக்கழகங்கள் நிரம்ப, சிறு மருத்துவமனைகள் சோப் எனப்படும் இறுதிக்கட்ட நிரப்பலில் ஆள் தேடின. 2024-இல் காலியிடம் 135 ஆகக் குறைந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எண்கணக்கன்:

நல்ல விதிவிலக்கு, ஏற்கிறேன்.

தாமிரபரணி:

அனைவருக்கும் நன்றி. மகளிடம் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். பசிபிக் பிரிவைத் தேர்ந்தெடுத்து, அங்கே ஒரு ரொட்டேஷனுக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்கிறாள். சொந்தக் கல்லூரியையும் பட்டியலில் மேலேயே வைப்பாளாம். ஒரே ஒரு கேள்வி மீதமிருக்கிறது. 2021-இல் சொந்த ஊரில் சேர்ந்தவர்கள் பயிற்சி முடிந்தபின் அங்கேயே வேலை பார்க்கிறார்களா, அல்லது கிளம்பிவிடுகிறார்களா?

மிச்சிகன்வாசி:

பொதுவாக, ரெசிடென்சி முடித்தவர்களில் பாதிக்கும் சற்று மேற்பட்டோர் பயிற்சி பெற்ற மாநிலத்திலேயே தொழில் செய்கிறார்கள் என்பது ஏ.ஏ.எம்.சி. ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கு. பயிற்சிக்கான ஜே-1 விசாவில் வந்தவர்கள் மட்டும் வேறு: தாய்நாட்டுக்கு இரண்டாண்டு திரும்ப வேண்டும், அல்லது மாநிலத்துக்கு ஆண்டுக்கு முப்பது என்ற கான்ராட் விலக்கைப் பெற்று, மருத்துவர் குறைந்த பகுதியில் மூன்றாண்டு பணி செய்ய வேண்டும். வைகைக்கரை அவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

வைகைக்கரை:

தெரியும். அந்தப் படிவங்களில்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

எலும்புவைத்தியர்:

ஐயா, உங்கள் கேள்விக்கு எங்கள் துறையில் விடை கிடைக்க நாளாகும். பொது மருத்துவத்திலும் குழந்தைகள் நலத்திலும் மூன்றாண்டுப் பயிற்சி என்பதால் அந்த அணியினர் 2024-இலேயே வெளியே வந்துவிட்டார்கள். அவர்களிலும் ஒரு பகுதியினர் மேற்சிறப்புப் பயிற்சிக்குப் போயிருப்பார்கள். எலும்பு அறுவை ஐந்தாண்டு. 2021-இல் சேர்ந்தவர் 2026-இல் முடித்து, பெரும்பாலும் இன்னும் ஓராண்டு ஃபெல்லோஷிப் செய்வார், அதுவும் வேறு ஊரில். நரம்பு அறுவையோ ஏழாண்டு. அந்த அணி 2028-இல்தான் வெளியே வரும். உங்கள் மகள் விண்ணப்பிப்பதற்குள் எங்கள் துறையின் விடைகூட முழுதாகக் கிடைக்காது. ரொட்டேஷன் விண்ணப்பத்தை மட்டும் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லுங்கள். கலிஃபோர்னியா இடங்கள் முதலில் நிரம்பிவிடும்.